பின் சீட்டுக்காக ஒரு ஜோடி ஷாக்

குழி வருவது எனக்குத் தெரியும். பின்னால் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்குத் தெரியாது. நான் ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கிறேன். கால்களை ஊன்றி லேசாக எழுந்துகொள்ளலாம், முதுகை வளைத்துக் கொடுக்கலாம். அம்மா உட்காரும் இடமோ பின் சக்கரத்தின் அச்சுக்கு ஏறக்குறைய நேர் மேலே. சக்கரம் வாங்கும் அடி நேராக அவருடைய இடுப்புக்குத்தான் போகும்.

ஒருநாள் வண்டியை நிறுத்தியதும் அம்மா உடனே நடக்கவில்லை. சீட்டில் ஒரு கையை ஊன்றி, இன்னொரு கையை இடுப்பில் வைத்து, ஒரு நிமிடம் அப்படியே நின்றார். "என்னடா, வண்டி இப்படி அடிக்குது? முன்னாடி இப்படி இல்லையே" என்றார். அன்று காலையில்கூட நான் அதே வண்டியில்தான் போய் வந்தேன். எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. தினமும் ஓட்டுகிறவனுக்குத் தெரியாது என்பது அப்புறம்தான் புரிந்தது. சக்கரம் வாங்கும் அடியைத் தாங்கிக்கொள்ளும் ஷாக் அப்சார்பர், சுருக்கமாக ஷாக், ஒரே நாளில் கெடுவதில்லை. உள்ளே இருக்கும் எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாகத் திறன் இழக்கிறது, எண்ணெய் கசியாமல் தடுக்கும் சீல் தேய்கிறது, காற்று கலக்கிறது. நாமும் அதற்கேற்பக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிவிடுகிறோம். எப்போதாவது பின்னால் ஏறுகிறவருக்குத்தான் உண்மை தெரிகிறது.

சரி, ஷாக்கை மாற்றிவிடலாம் என்று முடிவெடுத்தேன். எனக்கு அப்போது தெரிந்தது ஒன்றே ஒன்று: மெத்தென்று இருந்தால் சுகமாக இருக்கும். கடையில் வரிசையாக வைத்திருந்த ஷாக்குகளை ஒவ்வொன்றாகத் தரையில் ஊன்றி, மேலிருந்து உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தேன். எது சுலபமாக அமுங்கியதோ அதை வாங்கினேன். மாட்டிக்கொண்டு தனியாக ஓட்டியபோது முதல் இரண்டு நாள் மிதப்பது போல இருந்தது. மூன்றாவது நாள் அம்மாவை ஏற்றிக்கொண்டு போனேன். சின்னச் சின்ன மேடுகளில் வண்டி படகு மாதிரி ஆடியது. அப்புறம் ஒரு வேகத்தடையில் 'டங்' என்று ஒரு சத்தம், கூடவே அம்மாவின் வாயிலிருந்து ஒரு "அம்மா!". பழைய ஷாக்கில்கூட அப்படி ஓர் அடி விழுந்ததில்லை.

அந்தச் சத்தம்தான் என்னை உட்கார்ந்து படிக்க வைத்தது, அளக்க வைத்தது. அதற்குப் பிறகு கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஷாக் மாற்றப்போகிறவர்கள் காசை எடுப்பதற்கு முன் படித்தால் எனக்கு நேர்ந்தது அவர்களுக்கு நேராது.

முதலில் ஷாக் என்று நாம் சொல்லும் பொருளில் இரண்டு தனித்தனி உறுப்புகள் இருக்கின்றன. வெளியே தெரிவது ஸ்பிரிங். அது எடையைத் தாங்குகிறது. உள்ளே இருப்பது டாம்பர், எண்ணெய் நிரம்பிய ஒரு குழாய். அதற்குள் ஒரு பிஸ்டன் போய்வருகிறது. ஸ்பிரிங்குக்கு வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க மட்டும்தான் தெரியும். அமுக்கினால் எகிறும், எகிறினால் மறுபடி அமுங்கும். அந்த ஆட்டத்தை அடக்குவது டாம்பர். பிஸ்டனில் இருக்கும் சிறு துளைகள் வழியாக எண்ணெயைப் பிதுக்கி, ஆட்டத்தின் சக்தியை வெப்பமாக மாற்றிவிடுகிறது. மோசமான சாலையில் நீண்ட தூரம் ஓட்டிவிட்டு ஷாக்கின் உடம்பைத் தொட்டுப் பாருங்கள், சுடும். அந்தச் சூடெல்லாம் நம் முதுகெலும்புக்கு வராமல் போன அடிகள்.

என்னுடைய பழைய ஷாக் ஒன்றை மெக்கானிக் அண்ணன் ஸ்பிரிங் கம்ப்ரஸர் போட்டுக் கழற்றிக் காட்டினார். (கருவி இல்லாமல் இதை முயலவே வேண்டாம். அமுங்கியிருக்கும் ஸ்பிரிங் எகிறினால் ஆளையே வீழ்த்திவிடும்.) ஸ்பிரிங் இல்லாத டாம்பரை என் கையில் கொடுத்து, "அமுக்கிப் பாருங்க தம்பி" என்றார். பிஸ்டன் தண்டு உள்ளே போகும்போது முதல் இரண்டு விரல் அகலத்துக்கு எந்தத் தடையும் இல்லை. அப்புறம் 'சளக்' என்று ஒரு சத்தம், பிறகுதான் கொஞ்சம் எதிர்ப்பு. இழுத்தபோதும் அதே வெற்றிடம், அதே சத்தம். உள்ளே எண்ணெய் குறைந்து அந்த இடத்தில் காற்று குடியேறியிருந்தது. பளபளவென்று இருக்க வேண்டிய தண்டில் ஊசியால் குத்தியது போலத் துருப்புள்ளிகள். ஒவ்வொரு முறை தண்டு உள்ளே போகும்போதும் அந்தப் புள்ளிகள் சீலை அரம் மாதிரி ராவியிருக்கின்றன. தண்டின் கழுத்தில் இருக்க வேண்டிய தடுப்பு ரப்பர் பாதிதான் மிச்சம். அதையும் விரலால் தேய்த்தபோது கறுப்புப் பொடியாக உதிர்ந்தது. கடைசித் தாக்குதலை வாங்கிக்கொள்ள வேண்டிய ரப்பர் அது. அது போனபின் உலோகம் உலோகத்தின் மேல் மோதுகிறது.

இதில் ஒரு பொதுவான தவறான நம்பிக்கையையும் சொல்லிவிட வேண்டும். வண்டி ஆடினால் "ஸ்பிரிங் தளர்ந்துபோச்சு" என்பார்கள். ஸ்பிரிங்கின் விறைப்பு அவ்வளவு சுலபமாக மாறாது. அது கம்பியின் தடிமன், சுருளின் விட்டம், சுருள்களின் எண்ணிக்கை, உலோகத்தின் தன்மை ஆகியவற்றைப் பொறுத்தது. வருடக்கணக்கில் ஓடினால் ஸ்பிரிங் நீளத்தில் கொஞ்சம் குறுகலாம், அவ்வளவுதான். பெரும்பாலும் செத்துப்போவது டாம்பர். ஆட்டம் அடங்கவில்லை என்பதற்காக விறைப்பான ஸ்பிரிங்கைத் தேடிப் போகிறவர்கள் வேறு வியாதிக்கு மருந்து சாப்பிடுகிறார்கள்.

சரி, எப்படித் தேர்ந்தெடுப்பது? அளந்துதான். ஒரு டேப்பும் உதவிக்கு ஓர் ஆளும் போதும். நான் ஒரு மாலை வேளையில் தம்பியைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு அளந்தேன். பின் சக்கர அச்சின் நடுவிலிருந்து நேர் மேலே, பின்பக்க உறையில் ஒரு டேப் துண்டு ஒட்டிக் குறி வைத்தேன். முதலில் வண்டியைத் தூக்கி, பின் சக்கரம் முழுதாகத் தொங்கும்போது ஓர் அளவு. அடுத்து சக்கரம் தரையில் நிற்க, வண்டியின் சொந்த எடையில் மட்டும் எவ்வளவு அமுங்குகிறது என்று ஓர் அளவு. பிறகு ஹெல்மெட், ஜாக்கெட், ஷூ எல்லாம் போட்டுக்கொண்டு நான் உட்கார்ந்து, தம்பி வண்டியை நிமிர்த்திப் பிடித்திருக்க ஓர் அளவு. கடைசியாக அம்மாவையும் ஏற்றிக்கொண்டு ஓர் அளவு. அம்மாவுக்கு இதெல்லாம் எதற்கென்று புரியவில்லை. ஆனாலும் "அசையாம உட்காரணுமா?" என்று கேட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

ஒவ்வொரு முறையும் சீட்டை இரண்டு தடவை அழுத்தி விட்டுவிட்டு, அது தானாக நிற்கும் இடத்தில் அளக்க வேண்டும். சீலின் உராய்வு இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஏமாற்றும்.

என் வண்டியின் பின் சக்கரம் மேலும் கீழுமாக மொத்தம் 100 மி.மீ. நகரும். நான் மெத்தென்று வாங்கிய ஷாக்கில் வண்டி மட்டும் நின்றபோது 12 மி.மீ. அமுங்கியது. நான் ஏறியபோது 47. அம்மாவும் ஏறியபோது 85. அதாவது நாங்கள் இருவரும் உட்கார்ந்து வண்டி கிளம்புவதற்கு முன்பே ஷாக் தன் வேலையில் பெரும்பகுதியைச் செலவழித்துவிட்டது. சாலையில் வரும் மேட்டுக்கு மிச்சம் 15 மி.மீ. மட்டும். அந்த 'டங்' எங்கிருந்து வந்தது என்று எனக்கு அந்த டேப்பில் தெரிந்தது.

சாலையில் ஓட்டும் வண்டிக்கு ஓட்டுபவர் ஏறியபின் அமுங்கல், மொத்த நகர்வில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை இருப்பது பொதுவான கணக்கு. 100 மி.மீ.க்கு 25 முதல் 33 வரை. வண்டியின் சொந்த எடைக்குச் சில மில்லிமீட்டர்கள், 5 முதல் 10 வரை. கொஞ்சமும் அமுங்காமல் இருந்தாலும் தவறுதான். குழி வரும்போது சக்கரம் கீழே இறங்கித் தரையைத் தொட வேண்டுமே, அதற்கும் இடம் வேண்டும். இறங்க இடமில்லாத சக்கரம் குழிக்குள் மொத்த வண்டியையும் சேர்த்து விழவைக்கும்.

இங்கேதான் ப்ரீலோட், அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் அளவு, வருகிறது. ஷாக்கின் கீழேயோ மேலேயோ படிப்படியாகத் திருப்பும் ஒரு வளையம் இருக்கும். கொக்கி ஸ்பேனர் போட்டுத் திருப்புவோம். "நாலாவது படியில் வை, ஷாக் டைட்டாகிவிடும்" என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். நானும் பல வருடம் அப்படித்தான் நம்பினேன். ஒரே சீரான விறைப்புள்ள ஸ்பிரிங்கில் அந்த வளையம் விறைப்பை மாற்றுவதே இல்லை. வண்டி எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்பதை மட்டும்தான் மாற்றுகிறது. 10 மி.மீ. திருப்பினால் வண்டி ஏறக்குறைய அந்த அளவுக்கு உயர்ந்து நிற்கும். அதற்கு மேல் ஒவ்வொரு கிலோவுக்கும் முன்பு அமுங்கிய அளவேதான் அமுங்கும்.

இதிலிருந்து ஓர் அருமையான சோதனை கிடைக்கிறது. நீங்கள் ஏறியபின் இருக்க வேண்டிய அமுங்கல் சரியாக வரும்வரை வளையத்தைத் திருப்புங்கள். பிறகு இறங்கி, வண்டி தனியாக எவ்வளவு அமுங்குகிறது என்று பாருங்கள். அது பூஜ்யத்துக்கு வந்துவிட்டால் ஸ்பிரிங் உங்கள் எடைக்கு மெலிது. ரொம்ப வளையத்தைத் திருப்பித்தான் உங்களைத் தூக்கி நிறுத்தியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். அதற்கு மாறாக வண்டி தனியாகவே நிறைய அமுங்கினால் ஸ்பிரிங் விறைப்பு அதிகம். கேட்கும்போது தலைகீழாகத் தோன்றும். ஒரு காகிதத்தில் எழுதிப் பார்த்தால் புரிந்துவிடும். கையால் அமுக்கிப் பார்த்து வாங்குவதற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

ஆகவே கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இந்த ஸ்பிரிங்கின் விறைப்பு எவ்வளவு?" என்பது. ஒரு மில்லிமீட்டர் அமுக்க எத்தனை நியூட்டன் வேண்டும் என்ற எண் அது. சிலர் கிலோவில் சொல்வார்கள், அதைச் சுமார் பத்தால் பெருக்கிக்கொண்டால் போதும். அந்த எண் யாருக்கும் தெரியாத ஷாக்கை வாங்காதீர்கள் என்றே சொல்வேன். கண்ணால் பார்த்து ஊகிக்க முடியாது. மற்றதெல்லாம் மாறாமல் கம்பி மட்டும் பத்து சதவீதம் தடித்தால், ஸ்பிரிங் கிட்டத்தட்ட 46 சதவீதம் விறைப்பாகிவிடும். தடிமனின் நான்காம் அடுக்கில் ஏறுகிற கணக்கு அது. கம்பியில் அரை மில்லிமீட்டர் வித்தியாசம் எந்தக் கண்ணுக்கும் தெரியாது, இடுப்புக்குத் தெரியும். நல்ல தயாரிப்பாளர்கள் உங்கள் எடை, பின்னால் வருபவர் எடை, வண்டியின் மாடல் எல்லாவற்றையும் கேட்டுத்தான் ஸ்பிரிங்கைப் பொருத்தி அனுப்புவார்கள். அப்படிக் கேட்பவர்களிடம் உண்மையான எடையைச் சொல்லுங்கள், ஜாக்கெட்டும் ஹெல்மெட்டும் சேர்த்து.

அதே எண்ணை வேறொரு வண்டியின் எண்ணோடு ஒப்பிடவும் கூடாது. என்னுடையது பக்கத்துக்கு ஒன்றாக இரட்டை ஷாக் உள்ள வண்டி. சக்கரம் நகரும் தூரமும் ஷாக் அமுங்கும் தூரமும் ஏறக்குறைய சமம். நடுவில் ஒரே ஷாக் உள்ள வண்டியில் கதை வேறு. அங்கே சக்கரம் நகரும் தூரத்தில் பாதியோ அதற்கும் குறைவாகவோதான் ஷாக் அமுங்கும். விறைப்பு அந்த விகிதத்தின் வர்க்கத்தில் குறையும். ஷாக் அமுங்குவதைப் போல 2.5 மடங்கு தூரம் சக்கரம் நகர்கிறது என்றால், சக்கரத்தில் உணரும் விறைப்பு ஸ்பிரிங்கின் விறைப்பில் 6.25இல் ஒரு பங்குதான். அதனால்தான் மோனோ ஷாக்கின் ஸ்பிரிங் அவ்வளவு முரட்டுத்தனமாக இருக்கிறது. இந்த ஒற்றை ஷாக் யோசனையை யமஹாவுக்குக் கொடுத்தவர் லூசியன் டில்கன்ஸ் என்ற பெல்ஜியப் பொறியாளர். யமஹா அதை எடுத்துக்கொண்டு மோட்டோகிராஸ் (மேடு பள்ளமான மண் தடத்தில் நடக்கும் பந்தயம்) வண்டியில் போட, ஹோகன் ஆண்டர்சன் 1973இல் 250 சிசி உலகப் பட்டத்தை வென்றார். மேடு பள்ளத்தில் சக்கரத்துக்கு நிறைய நகர்வு வேண்டும் என்ற தேவைதான் அந்த வடிவத்தைக் கொண்டுவந்தது. இன்று நாம் அதை அழகுக்காகவும் பார்க்கிறோம்.

ஸ்பிரிங் சரியாகிவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. மறுபாதி டாம்பர். விலை குறைந்த ஷாக்குக்கும் நல்ல ஷாக்குக்கும் உள்ள உண்மையான வேறுபாடு இங்கேதான் ஒளிந்திருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான், கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன்.

எளிமையான டாம்பரில் பிஸ்டனில் குறிப்பிட்ட அளவில் துளைகள் மட்டும் இருக்கும். எண்ணெய் அதன் வழியாகப் போக வேண்டும். பிஸ்டன் மெதுவாகப் போனால் எதிர்ப்பே இருக்காது. வேகம் இரட்டிப்பானால் எதிர்ப்பு நான்கு மடங்காகும். இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். நீண்ட, மென்மையான அலை போன்ற சாலையில் பிஸ்டன் மெதுவாக நகர்கிறது, டாம்பர் தூங்குகிறது, வண்டி படகாக ஆடுகிறது. கூரான விளிம்புள்ள ஒரு குழியில் சக்கரம் சட்டென்று மேலே வர வேண்டும். அப்போது எண்ணெய்க்குத் துளை போதவில்லை, டாம்பர் கட்டை மாதிரி இறுகிவிடுகிறது. அடி அப்படியே சீட்டுக்கு வருகிறது. ஆட வேண்டாத இடத்தில் ஆட்டம், அமுங்க வேண்டிய இடத்தில் அடி. ஒரே ஷாக் மெத்தென்றும் முரடாகவும் ஒரே நேரத்தில் இருக்க முடியும் என்பது எனக்குப் பெரிய வியப்பாக இருந்தது.

நல்ல டாம்பரில் பிஸ்டனின் பெரிய துளைகளை மெல்லிய எஃகு வட்டுகளின் அடுக்கு மூடியிருக்கும். மெதுவான நகர்வில் அடுக்கு மூடியே இருக்கும், எண்ணெய் சிறிய வழியில் கசிந்து போகும், ஆட்டம் அடங்கும். திடீர் அடி வந்தால் அழுத்தத்தில் வட்டுகள் பூவிதழ் மாதிரி வளைந்து வழிவிடும், சக்கரம் மேலே வந்துவிட்டுப் போகும். அந்த வட்டுகளின் தடிமனையும் விட்டத்தையும் அடுக்கும் வரிசையையும் மாற்றித்தான் ஷாக்கின் குணத்தைச் செதுக்குகிறார்கள். விளம்பரங்களில் 'லோ ஸ்பீடு', 'ஹை ஸ்பீடு' என்று வருவது வண்டியின் வேகத்தைப் பற்றியதில்லை, இந்தப் பிஸ்டனின் வேகத்தைப் பற்றியது. மெதுவாக ஓட்டினாலும் கூரான குழியில் பிஸ்டன் அதிவேகம்தான்.

அமுங்கும்போது தடுப்பது கம்ப்ரஷன், திரும்பும்போது தடுப்பது ரீபவுண்ட். சுகத்துக்காக ஷாக் தேடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது ரீபவுண்டை மாற்றும் வசதி இருக்கிறதா என்று. பெரும்பாலும் கீழ்க் கண் (ஷாக்கின் முனையில் போல்ட் மாட்டும் வளையம்) பக்கத்தில் ஒரு சிறு திருகு, திருப்பினால் 'க்ளிக் க்ளிக்' என்று எண்ணிக்கொள்ளலாம். ரீபவுண்ட் குறைவாக இருந்தால் மேட்டைத் தாண்டியதும் சீட் எகிறிப் பின்னால் இருப்பவரைத் தூக்கி எறியும். அதிகமாக இருந்தால் வேறு தொல்லை. முதல் மேட்டில் அமுங்கிய ஷாக் முழுதாகத் திரும்புவதற்குள் இரண்டாவது மேடு வந்துவிடும், அதற்குள் மூன்றாவது. வரிசையான மேடுகளில் ஷாக் படிப்படியாகக் கீழே அமர்ந்துகொண்டே போய், கடைசியில் நகரவே இடமில்லாமல் அடிக்கும். பலர் அந்த அடியை "ஸ்பிரிங் டைட்" என்று நினைத்து மெலிதான ஸ்பிரிங் வாங்குகிறார்கள். இரண்டு க்ளிக் திறந்துவிட்டால் போயிருக்கக்கூடிய வலி அது.

நம் உடம்பும் இதில் ஒரு பங்கு வகிக்கிறது. உட்கார்ந்திருக்கும் மனிதரின் உடல், மேலும் கீழுமான அதிர்வில் வினாடிக்கு 4 முதல் 8 முறை வருகிற அதிர்வைத்தான் மிக அதிகமாக உணர்கிறது. குடலும் முதுகும் அந்த வேகத்தில்தான் சேர்ந்து ஆடத் தொடங்கும். எடைக்குச் சரியான ஸ்பிரிங்கில் நிற்கும் வண்டி ஏறக்குறைய வினாடிக்கு இரண்டு முறை என்ற நிதானத்தில் அசைய விரும்பும். ஸ்பிரிங் மிக விறைப்பாக இருந்தாலும், தடுப்பில் போய் முட்டிக்கொண்டே இருந்தாலும் அந்த மோசமான எல்லைக்குள் தள்ளப்படுகிறோம்.

வாயு பற்றி. பிஸ்டன் வேகமாகப் போகும்போது அதன் பின்னால் அழுத்தம் குறைந்து எண்ணெயில் குமிழ்கள் வரும். எண்ணெய் நுரைத்துவிட்டால் டாம்பிங் போய்விடும். இதற்காக நைட்ரஜனை அடைத்து எண்ணெயை எப்போதும் அழுத்தத்தில் வைத்திருக்கிறார்கள். ஒரே குழாய்க்குள் தனிப் பிஸ்டன் வைத்து வாயுவையும் எண்ணெயையும் பிரிக்கும் வடிவத்தை 1950களில் பரவலாக்கியவர் தெ கார்போன் என்ற பிரெஞ்சுப் பொறியாளர். பக்கத்தில் சின்னப் புட்டி ஒட்டிக்கொண்டிருக்கும் ஷாக்கும் அதே தத்துவம்தான். வாயுவுக்கும் கூடுதல் எண்ணெய்க்கும் வெளியே இடம் கொடுத்திருக்கிறார்கள். நாள் முழுக்கக் கரடுமுரடான பாதையில் சுமையோடு ஓட்டுகிறவர்களுக்கு அது உண்மையாகவே உதவும், எண்ணெய் சூடாகி நீர்த்துப்போவதைத் தள்ளிப்போடும். என்னைப் போல அன்றாடம் தார்ச்சாலையில் போய்வருகிறவர்களுக்கு அந்தப் புட்டிக்குக் கொடுக்கும் காசைச் சரியான ஸ்பிரிங்குக்கும், பிரித்துச் சரிசெய்யக்கூடிய டாம்பருக்கும் கொடுப்பதே மேல். பிரித்து எண்ணெயும் சீலும் மாற்ற முடிகிற ஷாக், பல வருடம் கழித்தும் புதிதாகும். மூடி ஒட்டியதைத் தூக்கித்தான் போட வேண்டும்.

ஒரு முனையில் நெருக்கமாகவும் மறுமுனையில் தள்ளித் தள்ளியும் சுற்றிய ஸ்பிரிங் நிறையக் கிடைக்கிறது. முதலில் நெருக்கமான சுருள்கள் அமுங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், அதன்பின் மிச்சச் சுருள்கள் மட்டும் வேலை செய்வதால் விறைப்பு ஏறும். சில நாள் தனியாக, சில நாள் இருவராக ஓட்டுகிறவர்களுக்கு நல்ல சமரசம். ஆனால் டாம்பர் ஒரு விறைப்புக்குத்தானே பொருந்தும்? எனக்கு ஒரே சீரான ஸ்பிரிங்கோடு, கையால் சுலபமாகத் திருப்பக்கூடிய ப்ரீலோட் வளையம் இருப்பதே பிடித்திருந்தது. இது என் கருத்து, மாற்றுக் கருத்து உள்ளவர்களின் வாதத்திலும் நியாயம் இருக்கிறது.

நீளத்தில் மட்டும் சமரசமே கூடாது. மேல் கண்ணின் நடுவிலிருந்து கீழ்க் கண்ணின் நடு வரை அளந்துகொள்ளுங்கள். வண்டி எடுப்பாகத் தெரியட்டும் என்று 20 மி.மீ. நீளமானதைப் போடுகிறவர்களும், கால் எட்டட்டும் என்று குட்டையானதைப் போடுகிறவர்களும் உண்டு. பின்பக்கம் 10 மி.மீ. உயர்ந்தால் முன்பக்கக் கழுத்தின் சாய்வு ஏறக்குறைய 0.4 டிகிரி செங்குத்தாகும். ஸ்டியரிங் இலகுவாகும், வேகத்தில் நிலைகொள்ளாது. சைடு ஸ்டாண்டில் வண்டி கூடுதலாகச் சாயும். குட்டையானதில் டயர் மட்கார்டின் அடியில் போய் இடிக்கலாம், வளைவில் ஃபுட்ரெஸ்ட் உரசலாம், சக்கரத்தின் நகர்வும் குறையும். நகர்வு குறைந்த ஷாக்கில் சுகம் தேடுவது வீண். சந்தேகம் இருந்தால் ஸ்பிரிங் இல்லாத டாம்பரை மாட்டிச் சக்கரத்தைக் கையால் கடைசிவரை தூக்கிப் பாருங்கள், எது எதில் இடிக்கிறது என்று தெரிந்துவிடும். கண்ணுக்குள் இருக்கும் புஷ்ஷின் உள்விட்டம், அகலம், செயின் கவர், சைலன்சர், பின் பிரேக் ஆகியவற்றோடு இடைவெளி, எல்லாவற்றையும் டேப்பால் அளந்து எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். இரட்டை ஷாக்கில் ஒன்றை மட்டும் மாற்றுவது என்ற பேச்சே வேண்டாம்.

இவ்வளவுக்கும் முன்னால் டயர் காற்று. அதை முதலில் பார்க்காமல் ஷாக் வாங்கப் போனதற்காக இன்றும் வருந்துகிறேன். என் பின் டயரில் கையேடு சொன்னதைவிட அதிகக் காற்று இருந்தது. சக்கரத்தில் முதல் ஸ்பிரிங் டயர்தான். பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங் ஆர்மின் பேரிங்கில் கிரீஸ் காய்ந்திருந்தாலும் எந்த ஷாக்கும் வேலை செய்யாது. பழைய ஷாக்கைக் கழற்றிய அன்றே ஸ்விங் ஆர்மைக் கையால் மேலும் கீழும் அசைத்தும், பக்கவாட்டில் ஆட்டியும் பார்த்துவிடுங்கள்.

கடைசியில் நான் வாங்கியது பழைய நீளத்திலேயே, எங்கள் எடையைச் சொல்லிக் கேட்டு வாங்கிய ஸ்பிரிங்கோடு, ரீபவுண்ட் மாற்றும் வசதி உள்ள, புட்டி இல்லாத ஒரு ஜோடி. மெக்கானிக் அண்ணன் புஷ்ஷுக்கு இரண்டு பக்கமும் வாஷரைச் சரியான வரிசையில் போட்டு, டார்க் ரெஞ்சில் கையேட்டு அளவுக்கு இறுக்கினார். அளந்தேன். வண்டி மட்டும் 8 மி.மீ. நான் ஏறினால் 30. அம்மாவும் ஏறினால் 54. வளையத்தை ஆறு மி.மீ. இறுக்கியபோது அது சுமார் 48க்கு வந்தது. பாதிக்கு மேல் நகர்வு சாலைக்காக மிச்சம். முதலில் வாங்கிய மெத்தென்ற ஷாக்கைவிட இந்த ஸ்பிரிங் ஒன்றரை மடங்கு விறைப்பு. கையால் அமுக்கினால் அசைவேனா என்கிறது.

ரீபவுண்டை முழுக்க மூடி, அங்கிருந்து எண்ணிக்கொண்டே நடுவில் வைத்தேன். பிறகு ஒரே பாதை, ஒரே வேகம், ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். எட்டாவது க்ளிக்கில் மேட்டுக்குப் பின் சீட் இரண்டு முறை எழும்பியது. ஐந்தாவதில் வரிசை மேடுகளில் அடித்தது. ஏழில் நின்றேன். சீட்டை அழுத்தி விட்டால் மேலே வந்து, ஒருமுறை அடங்கி நிற்கிறது. முன் ஃபோர்க் எண்ணெயையும் அதே வாரத்தில் மாற்றினேன். பின்பக்கம் ஒழுங்கானதும் முன்பக்கத்தின் குறை பளிச்சென்று தெரியத் தொடங்கிவிட்டது.

அப்புறம் அம்மாவை ஏற்றிக்கொண்டு அதே வேகத்தடைக்குப் போனேன். பழைய நினைவில் அவர் முன்கூட்டியே என் தோளை இறுக்கிப் பிடித்து, சீட்டிலிருந்து லேசாக எழுந்துகொண்டார். வண்டி ஏறியது, இறங்கியது, நின்றது. கொஞ்ச தூரம் போனபின் "தாண்டிட்டோமாடா?" என்று கேட்டார்.

சீட்டுக்கு அடியில் ஒரு சின்ன அட்டை ஒட்டி வைத்திருக்கிறேன். தேதி, கிலோமீட்டர், வளையத்தின் அளவு, க்ளிக், டயர் காற்று. இரண்டு வரிசைகள். ஒன்றில் 'நான்', இன்னொன்றில் 'அம்மாவோடு'. ஆயிரம் கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி அளந்ததில் புது ஸ்பிரிங் இரண்டு மில்லிமீட்டர் அமர்ந்திருந்தது. வளையத்தை அந்த அளவுக்கு ஏற்றிவிட்டு, பழைய எண்ணின் மேல் கோடு போட்டுப் புதியதை எழுதினேன்.